சனி, ஞாயிறு கரண்ட் கிடையாது

சனிக்கிழமை, இரவு.

மார்பில் கட்டியை எடுத்த இடத்துக்குத் தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். சனி, ஞாயிறு மட்டும் கிடையாது. மிஷினுக்கு லீவு என்றிருந்தேன். நேற்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அந்த ரெண்டு நாள்ல நல்ல செல்லுங்க தேறிக்கும்மா. புற்றுநோய் செல்லுக்கு அந்த அளவுக்குத் தேறத் தெரியாது."

அப்படியென்றால் அதற்கும் கொஞ்சம் தேறத் தெரியும். மேலே கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் கம்பெனியிலும் ஞாயிறன்று லைனை நிறுத்தித்தான் ரிப்பேர் பார்ப்போம். திங்கட்கிழமை மிஷின் முன்னைவிட வேகமாக ஓடும்.

இன்று வீட்டுக்காரர் கெலவரப்பள்ளி டேம் மீன் வாங்கி வந்து அவரே குழம்பு வைத்தார். "நல்லா சாப்புட்டுத் தூங்கு. திங்கக்கெழமைக்குள்ள ஒடம்பு தேறணுமில்ல?"

மீன் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே யாருக்குச் சோறு போடுகிறேன் என்று தெரியாமல் பாதியில் எழுந்துவிட்டேன்.