மாதாவுக்காக அடித்த பெயிண்ட்

அக். 14, செவ்வாய்

மூன்றாம் நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. பாப்பா ஷெரினுக்குச் சளி. வாங்க: கற்பூரவல்லி, பால், சோப்பு.

பேரூராட்சி இன்ஜினியர் வந்தார். சரிவில் இருக்கும் எங்கள் ஐந்து வீட்டுக்கும் பதிலாகக் கீழே வேறு வீடு கட்டித் தரலாமா என்று பார்க்க. "ஊடு புதுசாட்டம் இருக்குதுங்களே!" நாலு போட்டோ. போய்விட்டார்.

புதுசாட்டம்! ஜெபமாலை மாதம், மாதா சுரூபம் வீட்டுக்கு ஒரு நாள் தங்க வரும். "மாதா வர்ற ஊட்ல விரிசலா?" என்று போன வாரம்தான் என் வீட்டுக்காரர் ஜெரோம் சிமெண்ட் பூசி ரோஸ் பெயிண்ட் அடித்தார். ஐந்து வீட்டிலும் இதே கதை. பக்கெட் பிடித்தது நான். விரிசல்தான் சாட்சி என்று பி.காம். படித்தும் தோன்றவில்லை.

அக். 16, வியாழன்

தூறல், மூடுபனி. பேரூராட்சி மன்றக் கூட்டம். ஷெரினை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்து வீட்டு ராணி அக்காவும் ஜன்னலுக்கு வெளியே. நிதி ஒன்றுக்குத்தான்: எங்களுக்கு வீடா, சீசனுக்கு வரும் டூரிஸ்ட்டுகளுக்குக் கார் பார்க்கிங்கா.

"அந்த லைன்ல விரிசலே இல்லைன்னு ரிப்போர்ட்டுங்க," என்றார் இன்ஜினியர்.

"பெயிண்ட் அடிக்க வசதி இருக்குது, அப்புறம் எதுக்குங்க இலவச ஊடு?" என்றார் ஒரு கவுன்சிலர். சிரிப்பு.

எங்கள் வார்டு கவுன்சிலர் அம்மா எழுந்தார். "மாதா வர்றாங்கன்னு அடிச்சதுங்க அது!"

"அப்ப மாதாவே பாத்துக்குவாங்க. உக்காருங்க," என்றார் தலைவர். இன்னும் பெரிய சிரிப்பு.

முடிவு, கார் பார்க்கிங். வீடு அடுத்த வருடம் "பரிசீலனை".

திரும்பும் வழியில் ராணி அக்கா, "அடுத்த வருசம் நாம இருக்கோணுமில்ல கண்ணு" என்றார், சிரித்துக்கொண்டே.

அக். 17, வெள்ளி

ஜெ. வேலைக்குப் போனதும் திருப்புளியால் பூச்சைச் சுரண்டினேன். போன மாதம் நகம் நுழைந்த இடத்தில் இப்போது விரல் நுழைகிறது. போனில் படம், கையில் மனு, ஆபீஸுக்கு ஓட்டம். கிளார்க் படத்தைப் பெரிதாக்கினார். தரையில் உதிர்ந்த சிமெண்ட், பக்கத்தில் திருப்புளி.

"ஏனுங்க, நீங்களே பேத்துட்டு நீங்களே போட்டோ எடுத்தீங்களா? செவ்வாக்கிழமை எடுத்த படம் இங்க இருக்குதுங்க."

மனுவை வாங்கவில்லை. முட்டாள் நான். முட்டாள்.

ஜெ. திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. விரிசலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "மழை விடட்டும், எங்கயாச்சும் வாடகைக்குப் பாக்கலாம்" என்றார்.

அக். 18, சனி

மழை விடவில்லை. சாயங்காலம் கதவைச் சாத்தப் போனேன். சாத்த வரவில்லை. நிலை சாய்ந்திருக்கிறது. காலையில் பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

ராணி அக்காவைக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து குரல்: "எங்கூட்டுக் கதவு தொறக்கவே மாட்டேங்குது கண்ணு."

ஜெ. கடப்பாறை எடுத்தார். "நீ பாப்பாவைத் தூக்கிட்டுப் போ. திரும்பிப் பாக்காத."

சர்ச் ஹாலில் எழுதுகிறேன். ஷெரின் மடியில். மற்ற மூன்று வீட்டாரும் வந்துவிட்டார்கள். ஜெ.வும் ராணி அக்காவும் இன்னும்