ரோஜாத் தொட்டி மண்

என்னங்க,

மலை ஏறுன களைப்புல தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு ஃபிரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. குழாய் சரிபண்ண ஆள் வருவாரு, கதவைத் திறந்து விடுங்க.

நேத்து உங்க ஷூவைக் கழுவ எடுத்தேன். சேறு அப்பியிருக்கு, சரி. அதுல முட்டை ஓட்டுத் தூள் எப்படி வந்துச்சு? காட்டுல யாரு செடிக்கு முட்டை ஓடு போடுறாங்க? நான்தான் நம்ம பால்கனி ரோஜாவுக்குப் போடுறேன்.

அப்புறம் டென்ட்டைப் பிரிச்சேன். தரையில அடிக்கிற ஆணியெல்லாம் கடையில வாங்குன பளபளப்போட இருக்கு. ராத்திரி பூரா காத்துல டென்ட்டு ஆடுச்சுன்னு யாருக்குக் காது குத்துனீங்க?

எங்க இருந்தீங்கன்னு கேட்டா சண்டைதான் வரும். அதனால டென்ட்டை எடுத்துக்கிட்டு நானும் அக்காவும் அதே மலைக்குப் போறோம். உங்க ஷூவை வாசல்ல அப்படியே வச்சிருக்கேன், தொடாதீங்க. நாளைக்கு வந்து என் ஷூவையும் பக்கத்துல வைக்கிறேன். ரெண்டையும் பார்த்துட்டுப் பேசலாம்.

பி.கு.: ரோஜாத் தொட்டியில கொஞ்சம் மண்ணு போட்டு மூடுங்க. நீங்க அள்ளுன இடத்துல வேர் வெளிய தெரியுது.