என் கடை ஆட்டுக்கால் சூப் கல்லீரலுக்கு மருந்தல்ல என்று அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
அ. சுந்தர்சிங்,
சுந்தர் மட்டன் ஸ்டால் மற்றும் சூப் கடை,
ஜி.எஸ்.டி. சாலை, பெருங்களத்தூர்.

பெறுநர்
மாநகர நல அலுவலர் அவர்கள்,
தாம்பரம் மாநகராட்சி.

பொருள்: என் கடைக்கு அளவுக்கு மீறிக் கூட்டம் வருவது – அதைக் குறைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று புகார் கொடுக்கும் முதல் வியாபாரி நானாகத்தான் இருப்பேன். தயவுசெய்து கடைசி வரை படிக்கவும்.

1. என் மனைவி ஜான்சியின் தம்பி ஆல்வினுக்குக் குடியால் கல்லீரல் கெட்டுவிட்டது. குடியை விட்டுவிட்டார். மருத்துவமனை டாக்டர் ஒரு புது சிகிச்சையைச் சொன்னார். நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்துவார்களாம். ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது, உறுதி கிடையாது என்றும் சொன்னார். ஆல்வின் உடம்புக்கு அது ஒத்துவருமா என்று பரிசோதிக்க வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

2. இத்தனையில் ஆல்வின் காதில் ஏறியது மஜ்ஜை மட்டும். "இடுப்புல ஊசி குத்திக்கிற பேஜாரு இன்னாத்துக்கு மாமா? உன் கடை நல்லி எலும்புலயே கீதே!" என்று, நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அவர் உறிஞ்சும் சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்கிறது.

3. அத்தோடு விட்டாரா? வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார். பெரும்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துத் தூக்குவாளியோடு வருகிறார்கள். "லிவருக்கு ஒரு பார்சல்" என்கிறார்கள். ரிட்டையர்டு சார் ஒருவர் வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்றார். இன்னொருவர் ஆட்டின் ரத்த குரூப் கேட்டார். எங்கள் தெரு சுபத்ரா மேடம் சுத்த சைவம். முருங்கைக்காயை உறிஞ்சினால் அதே பலன் வருமா என்றார். காய்கறிக் கடையில் கேட்கச் சொன்னேன். இப்போது அங்கே முருங்கைக்காயே கிடைப்பதில்லை.

4. 'இது சூப், மருந்தல்ல' என்று போர்டு வைத்தேன். கூட்டம் இரண்டு மடங்கானது. அதிகாரிகளுக்குப் பயந்து உண்மையை மறைக்கிறேனாம்.

5. ஐயா, சூப்பில் உப்பு உண்டு. ஆல்வினுக்கு உப்பு ஆகாது. கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. நான் ஊற்ற மறுத்தால் அடுத்த கடைக்குப் போகிறார். "தெம்பு வந்துகினு கீது, செவ்வாக்கெழம நான் வரல" என்கிறார். ஆட்டு மஜ்ஜை வயிற்றில் செரித்துவிடும், கல்லீரலைத் தேடிக்கொண்டு போகாது என்றால், "நீ இன்னா டாக்டரா?" என்கிறார். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த மனு.

ஆகவே, வரும் ஞாயிறு காலை கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் ஒரு டாக்டரை என் கடைக்கு அனுப்பி, மைக்கில் உண்மையைச் சொல்லச் செய்யும்படி வேண்டுகிறேன். மைக் செட், சாமியானா, டீ எல்லாம் என் பொறுப்பு. சூப் மட்டும் தரமாட்டேன். டாக்டர் கையில் சூப் டம்ளரைப் பார்த்தால் கதை முடிந்தது. முதல் ஸ்டூலில் இருப்பவர்தான் ஆல்வின். அவரைத் தனியாக அழைத்து, செவ்வாய்க்கிழமை போயே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும்.

அதன்பின் என் வியாபாரம் பாதியாகும். ஆகட்டும். ஆடு எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ஜான்சிக்கு இன்னொரு தம்பியை நான் எந்தச் சந்தையில் போய் வாங்குவேன்?

இடம்: பெருங்களத்தூர்
நாள்: 06.08.2025

ஞாயிற்றுக்கிழமையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
அ. சுந்தர்சிங்