‘ட’வில் தொடங்கும் ஒரு பெயர்

என் அருமைச் செனாயித்,

பிறந்துவிட்டாள். தலை நிறைய முடி, தொண்டை நிறையச் சத்தம். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் முதலில் உனக்குத்தான் சொல்லியிருப்பேன், ஆகவே இப்போதும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

தமிழில் எழுதினால் எரித்திரியாக்காரிக்கு எப்படி விளங்கும் என்று கேட்காதே. இங்கே ஜெர்மனியில், எசன் நகரின் அந்த முதியோர் இல்லத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம், நீ உன் திக்ரிஞாவிலும் நான் என் தமிழிலும் திட்டிக்கொண்டுதானே கட்டில் விரிப்பு மாற்றினோம்? ஒருவருக்கொருவர் எல்லாம் விளங்கியது.

என் பெயரின் பொருளைக் கேட்டாயே, நினைவிருக்கிறதா? “நிரோஜினி. பொருள் ஒன்றும் இல்லை, எண் சரியாக வந்தது” என்றேன். கோப்பியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாய். “பொருளே இல்லாமல் ஒரு மனுசியை முப்பது வருடம் எப்படிக் கூப்பிட்டார்கள்?” உன் பெயருக்கு அமைதி என்று பொருள் என்றாய். உன்னைப் போன்ற வாயாடிக்கா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அன்று பிடித்த பெயர்ப் பைத்தியம் இன்னும் விடவில்லை. உங்கள் ஊர்ப் பெயர்களில் லுவாம் என்றால் நிம்மதியான தூக்கம். கைக்குழந்தைக்காரிக்கு அதைவிட என்ன வரம் வேண்டும்? பிஸ்ரத், நல்ல செய்தி. யோஹானா, வாழ்த்துகள். நம் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்த கானாக்காரர் வெள்ளிக்கிழமை பிறந்ததால் கோஃபி, அவருடைய மகள் சனிக்கிழமை பிறந்ததால் அமா. இதை என் கணவர் ரூபனின் அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். “சனி எண்டு ஆரும் பிள்ளைக்குப் பேர் வைப்பினமோ?” என்று மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

இந்தப் பெயர்கள் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கின்றன? அவை பேசுகின்றன. குழந்தையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் வாயில் வந்த முதல் வார்த்தை அப்படியே பெயராகி நிற்கிறது. எங்கள் ஆட்கள் எழுத்தையும் எண்ணையும் கூட்டிக் கழித்து ஜனுஷிகா என்றும் டிலுக்ஷன் என்றும் செய்து வைக்கிறார்கள். என் மூத்தவளுக்கு அப்படித்தான் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவதும் பெண் என்று டாக்டர் சொன்ன நாளில் மாமி, “இதுவும் பெட்டையோ” என்று கேட்டார். ரூபன் கார்ச் சாவியைத் தேடப் போனார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் முகம் தொங்கிப் போயிற்று. நேரே நீ படுத்திருந்த வார்டுக்கு வந்தேன்.

உங்கள் ஊரில் ஆண் பிள்ளை பிறந்தால் ஏழு முறை குரவை ஒலி எழுப்புவார்கள், பெண் பிள்ளைக்கு மூன்று என்று நீதான் சொல்லியிருக்கிறாய். மூக்கில் குழாயோடு எழுந்து உட்கார்ந்து ஏழும் போட்டாய். தாதி ஓடி வந்து, “வலிக்கிறதா?” என்று கேட்டார். “இல்லை, பெண் பிள்ளை!” என்றாய். பிறகு என் வயிற்றைப் பார்த்து, “டெலினா” என்றாய். உன் மொழியில் விரும்பினோம் என்று பொருள்.

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. பெயர் மட்டும் என்னோடு இருந்தது.

பிள்ளை ஆயிலிய நட்சத்திரத்தில் பிறந்தாள். யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் தொலைபேசியில் எழுத்துச் சொன்னார்: டி, டு, டே, டோ. தமிழில் எந்தச் சொல்லும் ‘ட’வில் தொடங்காது என்று தமிழ்ப் பள்ளியில் எனக்குப் படிப்பித்தார்கள். இந்த நட்சத்திரக்காரர் பெயருக்கு எங்கே போவார்கள்? மாமி ஒரு நாள் முழுக்க யோசித்து, “டினுஷ்கா” என்றார். பதிவு அலுவலகத்தில் மறுநாள் டெர்மின், நேரம் குறித்தாயிற்று. இந்த முறை வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

“மாமி, பேர் டெலினா.”

“அது ஆரின்ரை பேர்?”

“ஆபிரிக்கப் பேர். செனாயித் வைச்சது.”

“எங்கடை சனம் என்ன சொல்லும், பிள்ளை?”

“டினுஷ்காவுக்கு என்ன கருத்து, மாமி?”

“கருத்து என்னத்துக்கு? எண் நல்லது.”

“டெலினாவுக்குக் கருத்து இருக்கு. நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளை எண்டு.”

மாமி தன் வீட்டில் ஐந்தாவது பெண். பிறந்து ஒரு மாதம் அவருடைய அப்பா தொட்டில் பக்கமே வரவில்லை என்று ரூபன் ஒருமுறை சொல்லியிருக்கிறார். மாமி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து, “டெலினா” என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் கொட்டாவி விட்டாள்.

மறுநாள் நாங்கள் பதிந்துவிட்டு வரும்போது மாமி பீலெஃபெல்டில் இருக்கும் தன் அக்காவோடு தொலைபேசியில் இருந்தார். “ஓம் அக்கா, டெலினா. எழுத்தும் சரி. ஆசைப்பட்டுப் பெத்த பிள்ளை எண்டு கருத்து. உங்கடை பேத்தியின்ரை பேருக்கு என்ன கருத்து?” ரூபன் சிரிப்பை அடக்கக் குளியலறைக்குள் ஓடினார்.

ஒன்று மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். நீயும் நானும் பேசிய ஜெர்மனில் ‘வியர்’ என்று ஒரே ஒரு சொல்தான். தமிழில் அதற்கு இரண்டு உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்டுக்கொண்டிருப்பவர் அதில் சேர்த்தி இல்லை. ‘நாம்’ என்றால் அவரும் சேர்த்தி. மாமியிடம் ‘நாங்கள்’ என்று சொல்லிவிட்டேன், நானும் ரூபனும் மட்டும் என்பதுபோல. ஆனால் அந்த வார்டில் அவளை முதலில் விரும்பியவள் நீ ஒருத்திதான். மற்ற எல்லோரும், நானும்கூட, பிறகுதான் வந்து சேர்ந்தோம்.

“யார் என்னை விரும்பினார்கள்?” என்று டெலினா ஒரு நாள் கேட்பாள். உன் பெயரைத்தான் முதலில் சொல்வேன், அதன் பொருளோடு. இது சத்தியம். மற்றவர்களுக்கு எப்படியோ, உனக்கு எழுதும்போது அவள் பெயருக்குப் பொருள் இதுதான்: நாம் விரும்பினோம்.

உன் கூடப் பிறக்காத சகோதரி,
டெலினாவின் அம்மா
நிரோஜினி