மூன்றாம் சரிவின் நேர்கோடு

அக். 14, செவ்வாய்

மதியத்துக்கு மேல் துலாமழை, நம் ஐப்பசி மழைதான், இடியோடு. கரமனை பஸ்ஸில் ஒற்றைக்காலில் பயணம்.

மலையின் மூன்றாம் சரிவில் மண்ணுக்குள் புதைத்திருக்கும் ஈர சென்சார் காலையிலிருந்து அசையவில்லை. திரையில் ஒரே நேர்கோடு. நேர்கோடு என்றால் சென்சார் செத்தது, அது எங்கள் நிலச்சரிவு எச்சரிக்கை ஆபீஸ் வழக்கம். அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்துச் சரிவின் ஈர அளவைக் கணக்கில் போட்டேன். மழையோடு சேர்த்துப் பார்த்ததில் மஞ்சள் எச்சரிக்கை. சிவப்பு வந்தால்தான் அடிவாரத்து வீடுகளைக் காலி செய்வார்கள்.

சென்சார்களைப் பார்த்துக்கொள்ளும் செல்வினுக்கு மெசேஜ்: சரிவு 3 போச்சு, மாற்றவும்.

வாங்க: அம்மாவுக்குக் கண் மருந்து, கொசுவத்தி, நேந்திரங்காய் வறுவல்.

அக். 15, புதன்

மூன்றாம் சரிவு இடிந்துவிட்டது. விடியற்காலையில்.

ஒரு வீட்டில் பாதி இல்லை. ஓமனா என்று ஒரு அம்மா, கால் நசுங்கி ஆஸ்பத்திரியில். உயிர்ச்சேதம் இல்லை என்று ஆபீசில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு இல்லை.

திரையில் அந்தக் கோட்டை முந்தைய நாட்களுக்கு இழுத்துப் பார்த்தேன். திங்கள் முழுக்க ஏறியிருக்கிறது. உச்சத்துக்குப் போய் நின்றிருக்கிறது. மண் இனி ஒரு சொட்டுகூடக் குடிக்க முடியாமல் நிறைந்துவிட்டது, அதனால்தான் அசையவில்லை. சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நேற்றே இப்படி இழுத்துப் பார்த்திருக்கலாம். பஸ்ஸுக்கு அவசரம், எனக்கு.

டைரக்டர் மேடம்: "சென்சார் கேடாயிருந்நு. அத்ரேயுள்ளூ." சென்சார் கெட்டிருந்தது, அவ்வளவுதானாம். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

வீட்டில் அம்மா, டிவி முன்னால். "உன் ஆபீஸாக்கும் இதெல்லாம் பாக்கறது? முன்னாடியே தெரியாதோடீ?"

"சென்சார் ரிப்பேர்மா."

அம்மாவிடமும் அதே பொய்யைச் சொல்லியாயிற்று.

அக். 16, வியாழன்

வெயில். துணி காயப்போட்டேன்.

செல்வினுக்கு மெமோ வரப்போகிறதாம். பராமரிப்பில் அலட்சியம் என்று. ஒப்பந்த வேலைக்காரன், மெமோ வந்தால் வீட்டுக்குத்தான்.

கேண்டீனில் அவனே தேடி வந்தான். எல்லையோரப் பாறசாலைக்காரன், என்னிடம் மட்டும் தமிழ். "அக்கா, மன்னிக்கணும். நீங்க மெசேஜ் போட்ட அன்னைக்கே நான் போயிருக்கணும். மழையில வண்டி மேல ஏறல்ல. போயிருந்தா அந்தம்மாக்கு இப்பிடி ஆயிருக்காது."

நான் சொன்னது: "பரவாயில்ல, செல்வின்."

பரவாயில்லையாம். அவன் கேட்ட மன்னிப்பைக் கொடுத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இதை எழுதவே கை கூசுகிறது. சீ.

அக். 17, வெள்ளி

மூடிய வானம். மெமோ மீட்டிங்.

சரிவின் மேல் ஓரத்தில் தப்பிக் கிடந்த சென்சாரை செல்வின் தோண்டி எடுத்து வந்திருந்தான். மேசை மேல், சேறோடு. மேடம் பேசத் தொடங்குமுன் எழுந்தேன். பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்தேன். வழியெல்லாம் சிந்தல். சென்சாரைத் துடைத்து லேப்டாப்பில் சொருகினேன். கோடு அடியில் கிடந்தது. தண்ணீரில் இறக்கினேன். விறுவிறுவென்று ஏறியது.

"வேல செய்யுதே!" செல்வினுக்கு ஒரே சந்தோஷம். "பின்ன போச்சுன்னு யாரு..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"நான்தான்" என்றேன், மேடத்துக்கும் கேட்கும்படி.