கைக்குக் கொடுத்த களிம்பு

மார்ச் 3

என் அருமை வாலுவுக்கு,

நலம்தானே? போனில் கூப்பிட்டால் "பேஷண்ட் காத்திருக்காங்கக்கா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தலைக்குச் சாயம் பூச என் பார்லருக்கு வந்த டீச்சரம்மா உன் வீடியோவைக் காட்டினார். எலுமிச்சை முகத்துக்கு ஆகாதாம், பருவுக்குப் பற்பசை வைக்கக் கூடாதாம், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் நிறம் ஏறாதாம். "உங்க சொந்தத் தங்கச்சியே இப்படிச் சொல்றாங்களே!" என்று அவர் சிரித்தபோது என் மானமே போயிற்று. தோல் டாக்டர் ஆனது அக்கா பிழைப்பில் மண்ணைப் போடவா?

என் கற்றாழை கிரீமை மட்டும் வீடியோவில் இழுத்துவிடாதே. ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது. சந்தேகம் இருந்தால் என் பெண்ணைப் பார். சிட்டு ஒன்றரை வருஷமாக வேறெதையும் தொடுவதில்லை. இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது என்கிறாள். அதனால் நான் விடவே விடுவதில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வீட்டு வைத்தியம் எல்லாவற்றையும் நான் பழிக்கவில்லை. வறண்ட காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி நானே அனுப்புகிறேன். ஆனால் எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போன பெண்கள், கன்னம் வெந்து கறுத்த திட்டுகளோடு என் எதிரில் உட்கார்ந்து அழுகிறார்கள். "இயற்கைதானே டாக்டர்" என்கிறார்கள். அரளி விதையும் இயற்கைதான்.

உன் கடிதத்தில் ஒரு வரி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆவதும், விட்டால் எரிவதும் கற்றாழை செய்கிற வேலை இல்லை. அதற்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அந்த டப்பாவில் வேறு என்ன போடுகிறாய்? விளையாடாமல் எழுது.

உன்,
வாலு

*

மார்ச் 18

வாலுவுக்கு,

தொழில் ரகசியத்தையே கேட்கிறாய். போகட்டும், உன்னிடம் எனக்கென்ன ஒளிவு மறைவு? இதில் பாதிப் பெருமை உன்னுடையது.

சாயம் பூசிப் பூசி என் கை வெடித்து, விரலிடுக்கெல்லாம் அரித்துக்கொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? நீ வந்து பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தாய். எந்த எண்ணெய்க்கும் மசியாத கை நாலே நாளில் ஆறிவிட்டது. உன் கைராசியை நினைத்து அன்றைக்கு அழுதேன். கைக்கே இப்படி என்றால் முகத்துக்கு எப்படி இருக்கும் என்று கற்றாழைக் கூழில் கொஞ்சம் கலந்து பார்த்தேன். பார்லரில் விற்கவும் ஆரம்பித்தேன், பிடித்துக்கொண்டது. மருந்துக் கடையில் காலி டியூபைக் காட்டினால் டாக்டர் சீட்டு இல்லாமலே தருகிறார்கள். மற்றவர்கள் கண்டதையும் கலந்து விற்கிறார்கள். என் கிரீமில் இருப்பது என் தங்கை கொடுத்த மருந்து.

சிட்டுவுக்கு ஒரு தொந்தரவு. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரிகிறதாம். போனை நோண்டிக்கொண்டே இருந்தால் வேறென்ன ஆகும்? கண்ணுக்குக் கீழே கறுத்தும் போயிருக்கிறது. அந்த இடத்திலும் இமையிலும் கூடுதலாகவே தடவச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 21

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். படித்த கையோடு சிட்டுவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

நான் கொடுத்தது வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. கைத் தோல் தடிமன், சில நாள் தாங்கும். முகத்துத் தோல் தாங்காது. மெலிந்து, மருந்துக்குப் பழகி, நிறுத்தினால் கொதித்தெழும். கண்ணைச் சுற்றி மாதக்கணக்கில் தடவினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு பட்டுப்போகலாம். அந்த வளையங்களுக்குக் காரணம் போன் இல்லை என்றே பயப்படுகிறேன்.

இன்றோடு நிறுத்து. முகம் சிவக்கும், எரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி ஒரு டப்பாவும் விற்காதே. வாங்கியவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டிவரும், அக்கா. என்னை அந்த நிலைமைக்குத் தள்ளாதே.

வாலு

*

ஏப்ரல் 2

டாக்டர் அம்மாவுக்கு,

மிரட்டல் கிடைத்தது.

நீ கொடுத்தால் மருந்து, நான் கலந்தால் விஷமா? "ஒரு வாரம் மட்டும் போடுக்கா" என்று நீ சொன்னது உண்மைதான். வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். முகத்தில் போடாதே என்று சொன்னாயா? ஸ்டீராய்டு என்ற சொல் உன் வாயிலிருந்து வந்ததா? பேஷண்டுகளுக்கு உட்கார வைத்து விளக்குவாய். அக்காவுக்கு வாசற்படி போதும், இல்லையா?

சிட்டுவுக்கு இந்த மாதக் கடைசியில் நேர்முகத் தேர்வு. பெரிய ஓட்டலில் வரவேற்பாளர் வேலை. அவித்த தக்காளி மாதிரி முகத்தோடு போய் நிற்கச் சொல்கிறாயா? அது முடியட்டும். பிறகு கிரீமை நிறுத்துகிறோம், கண்ணையும் காட்டுகிறோம். ஒரு மாதத்தில் குடி முழுகிப் போய்விடாது.

அக்கா

*

மே 14

அக்காவுக்கு,

சிட்டு என்னிடம்தான் இருக்கிறாள். உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

நேர்முகத் தேர்வன்று முகம் பளிச்சென்றுதான் இருந்ததாம். இடது பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி கை குலுக்கக் கையை நீட்டியிருக்கிறார். அவள் கண்ணில் அது படவே இல்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிட்டார்கள். வெளியே வரும்போது கதவில் தோளை இடித்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கே விஷயம் புரிந்திருக்கிறது.

கண் டாக்டர் பார்த்துவிட்டார். இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது. திரும்பி வராது. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். முன்பே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றார். முகம் ஆற மாதக்கணக்காகும். ஆனால் ஆறிவிடும்.

உன் கிரீமைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டேன். அந்த டியூபை முதலில் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

"அம்மாவை வரச் சொல்லட்டுமா?" என்று சிட்டுவிடம் கேட்டேன். "வேணாம் சித்தி. வந்தா அவங்க என் கண்ணப் பாக்க மாட்டாங்க, முகத்தத்தான் பாப்பாங்க" என்றாள். நான் சொல்லிக்கொடுத்து அவள் பேசவில்லை. நீ நம்பமாட்டாய் என்றும் தெரியும்.

உன் தங்கை

*

ஜூன் 30

தங்கைக்கு,

அதிகாரிகள் வந்து டப்பாக்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். பார்லர் பலகையை இறக்கிவிட்டேன். டீச்சரம்மா தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவர் கன்னத்திலும் அந்தச் சிவப்பு ஏறியிருக்கிறது. துரத்திப் போய் உன்னிடம் காட்டச் சொன்னேன். வந்தால் உட்கார வைத்து விளக்கிச் சொல்.

நீ செய்தது சரி. இதை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்தது. சரி என்பதற்காக நான் உன்னை மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் என்னையே மன்னிக்கவில்லை, உன்னை எங்கிருந்து மன்னிப்பது?

சிட்டு சொட்டு மருந்தை மறந்துவிடுவாள். பக்கத்தில் நின்று போட வை. அவளிடம் என் பேச்சை எடுக்காதே. எனக்கும் இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

வேறொருத்தி பார்லரில் தலைக்குச் சாயம் பூசும் வேலைக்குப் போகிறேன். கை மறுபடி வெடித்து, விரலிடுக்கெல்லாம் அரிக்கிறது. யாரிடமும் மருந்து கேட்கவில்லை.

அக்கா