இரண்டு வருடம், ஊர் முழுக்க

மார்ச் 3, செவ்வாய்

புதுக் கடையிலிருந்து ஒப்பந்தம் வந்துவிட்டது. தலைச்சாயப் பாட்டிலின் பின்னால் இருப்பதைவிடப் பொடி எழுத்து. பழைய பார்லரில் நேற்றே ராஜினாமா கொடுத்தாயிற்று, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். இஸ்திரித் துணியைத் தள்ளிப்போடத்தான் ஒன்பதாம் பக்கம் வரை படித்தேன்.

வேலையை விட்டால் இரண்டு வருடம் இந்த ஊர் முழுக்க யார் தலையிலும் நான் கை வைக்கக் கூடாதாம். வீட்டில் வைத்து வெட்டினாலும் குற்றம். முடி வெட்டுவதை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

நாத்தனாரிடம் சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க அண்ணி, யாரு கேக்கப்போறா?" கேட்கமாட்டார்கள் என்றால் எதற்கு எழுதுகிறார்கள்?

மார்ச் 4, புதன்

வக்கீலம்மாவைப் பார்த்தேன். மாடியில் ஒற்றை அறை, மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்கக் காகிதக் கட்டுகள் மேல் தம்ளர்கள். குனிந்து படித்துக்கொண்டே இருந்தார். நுனி முழுக்கப் பிளந்த முடி. வாயை அடக்கிக்கொண்டேன்.

"தேவைப்பட்டா வேற ஊருக்குப் போக முடியுமா?"

"முடியாதும்மா. அம்மாவுக்கு இங்கதான் டயாலிசிஸ்."

"அப்போ அந்தக் கடைக்காரம்மா உங்களைத் துரத்துனாலும், நீங்களா விட்டாலும் ரெண்டு வருஷம் சும்மா உட்காரணும்." பென்சிலால் அந்தப் பத்தியைச் சுற்றி வளைத்தார். "நான் கடிதம் எழுதறேன். பழைய வேலையை விட்டாச்சுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நம்ம கையில ஒண்ணும் இல்ல."

மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 6

கடிதம் போயிருக்கிறது. பதில் இல்லை.

மார்ச் 7, சனி

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

புது முதலாளியம்மா போன் செய்தாள். "வக்கீல் கடிதம் இருக்கட்டும். ஒரு தடவை எனக்கு வெட்டிவிடு, உன் கையைப் பார்க்கணும்." போனேன். பெயின்ட் வாசனை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள். நல்ல அடர்த்தியான முடி அவளுக்கு.

எங்கள் தொழிலில் நாற்காலியில் இருப்பவர் பேசுவார், நாங்கள் ஒத்து ஊதுவோம். அவள் வாயே திறக்கவில்லை. பேசாத தலை எனக்கு ஆகாது. கை ஓட ஓட வாயும் ஓடியது: அம்மா, என் வீட்டுக்காரர், நாத்தனார், கோடை.

"பழைய இடத்துல உன்னை எப்படி விடுவாங்க?" அவ்வளவுதான் கேட்டாள்.

"அழுதுட்டாங்க மேடம். திங்கக்கிழமை எழுதிக் கொடுத்தப்போ..."

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடிக்குள் அவள் சிரித்தாள். பிறகு என் தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

முதலாளியம்மாவிடமிருந்து செய்தி வந்தது. வெள்ளிக்குள் இருப்பது இருந்தபடி கையெழுத்து, இல்லையென்றால் வேறு ஆள்.

வக்கீலம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "கத்தரியைப் பிடிச்சா வாய்க்கும் சாவி கொடுத்த மாதிரியா உங்களுக்கு?"

வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "போட்டுத் தொலை. இருக்கிற வேலையும் போச்சு" என்றார். ஆமா போச்சு, நான்தான் விட்டேன், போதுமா? அதையே எத்தனை தடவை சொல்வீங்க? எனக்கு மட்டும் பயமில்லையா? கத்திவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னோம், இரண்டு பேரும் சேர்ந்து.

மார்ச் 10, செவ்வாய்

நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணி, மெயின் ரோட்டுல நீங்க தொங்கறீங்க!"

போய்ப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்துக்கு மேலே விளம்பரப் பலகையில் நான். திறப்பு விழா 20ஆம் தேதி. முதலாளியம்மாவை வெட்டிவிட்டு என்னை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அவள் கை மட்டும் என் தோளில் மிச்சம்.

வக்கீலம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "உங்களைக் கேட்டா போட்டாங்க? கையெழுத்தே ஆகலையே. இப்போ நீங்க வரலைன்னா ஊர் பார்க்க அந்த முகத்தைக் கிழிக்கணும். நாளன்னைக்கு ரெண்டு பேரும் போறோம். பேசறது நான்."

மார்ச் 12, வியாழன்

ஒரு மணி நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளியம்மா என்னையே பார்த்து, "என்ன, இன்னிக்கு வாய் வலிக்குதா?" என்றாள். வக்கீலம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

இரண்டு வருடம் என்பது மூன்று மாதமானது. ஊர் முழுக்க என்பது அந்தக் கடைத்தெரு மட்டும் என்றானது. என் பழைய வாடிக்கையாளர்கள் என்னுடையவர்கள். பதிலுக்கு ஒரே ஒரு வரி சேர்த்தாள்: எனக்குக் கிடைத்ததைக் கடையில் வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

"யோசிச்சுப் போடுங்க" என்றார் வக்கீலம்மா. நான் யோசிக்கவில்லை. போட்டேன். வழியெல்லாம் அழுகையும் சிரிப்புமாக வந்தேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும், "அப்பாடா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

கடை நிரம்பி வழிகிறது. ஆள் போதவில்லை என்றதும் பழைய பார்லரில் என்னோடு வேலை செய்த சுருட்டைமுடிக்காரியை நான்தான் கூப்பிட்டேன். இன்று வந்தாள். கையில் அதே பொடி எழுத்துக் காகிதங்கள்.

"படிச்சியா?" என்றேன்.

"நீங்க படிச்சிருப்பீங்கல்லக்கா. உங்களுக்கும் இதேதானே?"

ஒன்பதாம் பக்கம் எனக்கு நேராகத் திறந்திருந்தது. இரண்டு வருடம், ஊர் முழுக்க. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தாள். வாடிக்கையாளரின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன்.

சுருட்டை பேனாவை எடுத்தாள்.

மார்ச் 25

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்து வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்களுக்கு இப்போ என்ன ஆச்சு?" என்றார். எனக்கில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா. நான் பக்கத்துலதான் நின்னேன்."